பெட்டியில் கிடைத்த வெள்ளி ரூபாய்: விற்கும் முன் கேட்கப்படும் கேள்விகள்

இருபது வருடமாகப் பழைய காசு சேர்ப்பவன் நான். வியாபாரி இல்லை. வீட்டைக் காலி செய்யும்போதோ, சொத்தைப் பிரிக்கும்போதோ, பரணிலிருந்து ஒரு சுருக்குப்பை இறங்கும். உடனே யாராவது எனக்குப் படம் அனுப்பி, "இது எவ்வளவு போகும்?" என்பார்கள். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கான பதில்கள் இவை. பெரும்பாலும் பிரிட்டிஷ் இந்தியா வெள்ளி ரூபாயைப் பற்றித்தான், ஏனென்றால் நம் வீடுகளில் அதுதான் அதிகம் கிடைக்கிறது.

அப்பத்தா பெட்டியில் நாற்பது காசு இருந்தது. எல்லாம் கறுத்துப்போயிருக்கிறது. தேய்த்துக் கழுவிவிட்டுப் படம் அனுப்பட்டுமா?

வேண்டாம். கையைக் கட்டிக்கொண்டு உட்காருங்கள். புளி, எலுமிச்சை, பல்பொடி, விபூதி, பாத்திரம் தேய்க்கும் பொடி எதுவும் வேண்டாம். கறுப்பு என்பது காற்றில் இருக்கும் கந்தகத்தால் வெள்ளியின் மேல் படியும் மெல்லிய படலம். அதற்குக் கீழே காசின் அசல் மேற்பரப்பு பத்திரமாக இருக்கிறது. தேய்த்தால் கறுப்போடு அந்த மேற்பரப்பும் போய், கண்ணுக்குத் தெரியாத ஆயிரம் கீறல் விழும். சேகரிப்பவர் அதை ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிடுவார்.

என் சித்தி ஒரு தீபாவளிக்கு முதல் நாள் பதினொரு காசைப் புளி போட்டு வெள்ளித் தட்டு மாதிரி மின்ன வைத்துக் கொண்டுவந்து காட்டினார். அதில் இரண்டு காசு, முகம் கொஞ்சமும் தேயாமல் வந்தவை. முந்தின நாள் கொண்டுவந்திருந்தால் நானே வெள்ளி விலைக்கு மேல் கொடுத்து வாங்கியிருப்பேன். சித்தியிடம் அதைச் சொல்லவில்லை.

மண் ஒட்டியிருந்தால் சாதாரணத் தண்ணீரில் கொஞ்ச நேரம் ஊறவிட்டு, துடைக்காமல் துணிமேல் ஒற்றி எடுங்கள். அதோடு நிறுத்திவிடுங்கள். ரப்பர் பேண்டு போட்டுக் கட்டி வைக்காதீர்கள், அதிலும் கந்தகம் உண்டு.

ஏற்கெனவே தேய்த்துவிட்டேனே?

பரவாயில்லை. வெள்ளி எங்கேயும் போகவில்லை. வெள்ளிக்கான விலை அப்படியே இருக்கிறது. மேலே கிடைத்திருக்கக்கூடிய விலைதான் போனது, அதுவும் பத்தில் ஒரு காசுக்குத்தான் இருந்திருக்கும்.

சரி, எதில் வெள்ளி இருக்கிறது, எவ்வளவு என்று எப்படித் தெரிந்துகொள்வது?

தலையையும் வருடத்தையும் பார்த்தால் போதும், முக்கால்வாசி வேலை முடிந்தது. ஒரு பெரிய துண்டை விரித்து, காசுகளைக் குவியல் குவியலாகப் பிரியுங்கள்.

1835 முதல் கம்பெனி ஆட்சிப் பகுதிகளுக்கெல்லாம் ஒரே அளவு ரூபாய் வந்தது. எடை 180 கிரெயின், அதாவது ஒரு தோலா, 11.66 கிராம். மாற்று, அதாவது காசில் சுத்த வெள்ளியின் அளவு, பன்னிரண்டில் பதினொரு பங்கு, நம் கணக்கில் 91.7 டச் (டச் என்றால் நூற்றுக்கு இத்தனை பங்கு). (நாட்டு மருந்துச் செய்முறையில் "ஒரு ரூபாய் எடை" என்று வருமே, அது இந்தக் காசுதான். மூன்று ரூபாய் எடை ஒரு பலம், சுமார் 35 கிராம்.) அரை ரூபாய் 5.83 கிராம், கால் ரூபாய் 2.92, இரண்டு அணா 1.46. எல்லாம் அதே மாற்று.

முதல் குவியல்: வில்லியம் மன்னர் தலை போட்ட 1835, விக்டோரியா ராணி 1840 முதல் 1901 வரை, கிரீடம் இல்லாத வழுக்கைத்தலை எட்வர்டு 1903 முதல் 1910 வரை, கிரீடம் வைத்த தாடிக்கார ஐந்தாம் ஜார்ஜ் 1911 முதல். இவர்கள் தலை போட்ட ஒரு ரூபாய், அரை ரூபாய், கால் ரூபாய் எல்லாம் 91.7 டச். தாடி இல்லாத ஆறாம் ஜார்ஜில் 1938, 1939 ஒரு ரூபாயும் அரை ரூபாயும் இதே குவியலில் சேரும்.

இரண்டாவது குவியல்: ஆறாம் ஜார்ஜ், 1940 முதல் 1945 வரை. உலகப் போர் நெருக்கடியில் வெள்ளியைப் பாதியாகக் குறைத்துவிட்டார்கள். எடை அதே 11.66 கிராம், ஆனால் வெள்ளி 50 சதவீதம்தான், மீதி செம்பும் நிக்கலும் துத்தநாகமும். இந்த ரூபாயின் விளிம்பைப் பாருங்கள், நடுவே பள்ளமான பட்டை ஓடும். முந்தைய காசுகளில் நேர்க்கோட்டுப் பற்கள் மட்டும்தான். கடைக்குப் போகும் முன் இந்த இரண்டு குவியலையும் பிரித்து வைப்பதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். கலந்து கொடுத்தால் கலந்துதான் விலை வரும்.

மூன்றாவது குவியல்: வெள்ளியே இல்லாதவை. 1918 முதல் வந்த சதுர இரண்டு அணா, 1919 முதல் 1921 வரை வந்த எட்டுமூலை நாலணா, அதே காலத்து வட்டமான எட்டணா, இவையெல்லாம் செம்பும் நிக்கலும். முதல் உலகப் போரில் வெள்ளி கிடைக்காமல் செய்த ஏற்பாடு. அந்த நெருக்கடியில்தான் 1917-இல் ஒரு ரூபாய் நோட்டே வந்தது.

1947 ரூபாய் காந்தத்தில் ஒட்டுகிறதே, போலியா?

அசல்தான், வெள்ளி இல்லை. பின்புறம் புலி நடந்துபோகும் 1947 ஒரு ரூபாயும், 1946, 1947 அரை, கால் ரூபாய்களும் சுத்த நிக்கல். நிக்கல் காந்தத்தில் ஒட்டும். "சுதந்திர வருடத்து வெள்ளிக்காசு" என்று பூஜை அறையில் வைத்திருக்கும் பல வீடுகளில் இந்த ஒட்டும் காசுதான் இருக்கிறது. 1940களின் முதல் பாதியில் வந்த வெள்ளி ரூபாய் ஒட்டாது.

எடை போட்டால் 11.66 வரவில்லை. 11.4 தான் வருகிறது.

பத்துக் கை மாறிய காசு தேயத்தான் செய்யும். 11.3 முதல் 11.6 வரை வந்தால் நான் கவலைப்பட மாட்டேன். 11-க்குக் கீழே இறங்கினாலோ, 11.8-க்கு மேல் ஏறினாலோ நின்று பார்க்க வேண்டும். சமையல் தராசு போதாது. 0.01 கிராம் காட்டும் பாக்கெட் தராசு சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. நாற்பது காசு விற்கப்போகிறவர் அதை வாங்கினால் முதல் நாளே காசு திரும்பிவிடும்.

வெள்ளி விலையை எப்படிக் கணக்குப் போடுவது?

எடையை மாற்றால் பெருக்கி, அன்றைய பார் வெள்ளி (சுத்த வெள்ளிக் கட்டி) கிராம் விலையால் பெருக்க வேண்டும். அவ்வளவுதான். தேயாத ஒரு ரூபாயில் சுத்த வெள்ளி 10.69 கிராம். 1940 முதல் 1945 வரையிலானதில் 5.83 கிராம்.

புரிவதற்காக கிராம் 200 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம் (அன்றைய விலையை நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள், வெள்ளி ஒரே வாரத்தில் ஏறும் இறங்கும்). உங்களிடம் முதல் குவியலில் முப்பது ஒரு ரூபாய், மொத்த எடை 345 கிராம். 345 × 0.917 = 316 கிராம் சுத்த வெள்ளி, சுமார் 63,270 ரூபாய். இரண்டாவது குவியலில் ஆறு காசு, 69 கிராம். பாதி 34.5 கிராம், 6,900 ரூபாய். இரண்டும் சேர்ந்து 70,000 ரூபாய்க்குச் சற்று மேல். இதுதான் உங்கள் அடிவிலை. ஒரு காசும் அரிதில்லை என்றாலும் இது உங்களுடையது.

கடைக்காரர் இந்த விலையை முழுசாகத் தர மாட்டார். உருக்கிச் சுத்தம் செய்யும் செலவு, அவருடைய லாபம் எல்லாம் இருக்கிறது. 5 சதவீதம் வரை குறைத்தால் நான் பேசாமல் ஒத்துக்கொள்வேன். 10-க்கு மேல் போனால் அடுத்த கடை.

"பழைய வெள்ளி எல்லாம் 60 டச்தான் போடுவோம்" என்கிறார் கடைக்காரர்.

இங்கேதான் பெரும்பாலானவர்கள் ஏமாறுகிறார்கள். அவர் வேண்டுமென்றே ஏமாற்றுகிறார் என்றுகூடச் சொல்ல முடியாது. அவரிடம் தினமும் வருவது பழைய கொலுசு, அரைஞாண், மெட்டி. அதில் மாற்று குறைவு, பற்றவைக்கப் போட்ட பற்றுப்பொடி, உள்ளே அழுக்கு. அதற்கு அந்தக் கணக்கு நியாயமாக இருக்கலாம். காசு அப்படி இல்லை. அரசாங்க நாணயச்சாலையில் அளந்து அடித்தது. 91.7 என்றால் 91.7.

மேலே சொன்ன 414 கிராமை 60 டச் கணக்கில் போட்டால் 49,680 ரூபாய்தான் வரும். இருபதாயிரம் ரூபாய் கண்முன்னே ஆவியாகிவிடும். "அண்ணே, இது கொலுசு இல்லை, கேரட் மீட்டரில் வைத்துப் பாருங்கள்" என்று சொல்லிப் பாருங்கள். மாற்றைக் காட்டும் அந்த மெஷின் வைத்திருப்பவர் வைப்பார், எண்ணைப் பார்த்தபின் பேச்சு மாறும். மெஷின் இல்லாத கடையில் முழுப் பையையும் அவிழ்க்கவே வேண்டாம். வெளியே பரிசோதனைக் கூடத்தில் சின்னக் கட்டணத்தில் சீட்டு எழுதித் தருவார்கள். அந்தச் சீட்டோடு பேசுவது வேறு, வாயால் பேசுவது வேறு. மெஷின் மேல்தோலை மட்டுமே படிக்கும் என்பதையும் மறக்காதீர்கள், முலாம் பூசியதை அது நல்ல வெள்ளி என்றே காட்டும்.

உரைகல்லில் உரசட்டுமா என்று கேட்டால், வெள்ளி விலைக்குப் போகும் காசுக்குச் சரி. அரிதாக இருக்கலாம் என்று சந்தேகப்படும் காசை உரச விடாதீர்கள்.

எந்தக் காசுக்கு வெள்ளி விலையைவிடக் கூடுதலாகக் கிடைக்கும்?

நேர்மையாகச் சொன்னால், உங்கள் பெட்டியில் இருப்பதில் பெரும்பாலானவற்றுக்குக் கிடைக்காது. விக்டோரியா எம்பிரஸ் (பேரரசி) என்று எழுதிய ரூபாயும் ஐந்தாம் ஜார்ஜின் 1912 முதல் 1919 வரையிலான ரூபாயும் கோடிக்கணக்கில் அடிக்கப்பட்டவை. தேய்ந்திருந்தால் வெள்ளி விலைதான். அதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வருகிறது, "நூறு வருடக் காசு சார்!" என்கிறார்கள். நூறு வருடத்துக்கு முன்னால் அடித்தது நிறைய, மிச்சம் இருப்பதும் நிறைய.

ஆனால் கூட்டத்தில் சிலவற்றைத் தனியே எடுத்து வைக்க வேண்டும்.

1911 ஒரு ரூபாய். டெல்லி தர்பார் நடந்த வருடம். ஐந்தாம் ஜார்ஜின் அங்கியில் தொங்கும் விருதுச் சங்கிலியில் ஒரு சின்ன யானை இருக்கும். தும்பிக்கை குட்டையாகச் செதுக்கப்பட்டதால் பார்க்கப் பன்றி போல இருந்தது. முஸ்லிம்கள் எதிர்ப்புத் தெரிவித்ததும் வெளியீட்டை நிறுத்தி, அடித்ததில் பெரும்பகுதியை உருக்கிவிட்டார்கள். 1912-இல் யானைக்குத் தும்பிக்கை நீளமானது. சேகரிப்பவர்கள் இதைப் "பன்றி ரூபாய்" என்கிறார்கள். வெள்ளி விலையைவிடப் பல மடங்கு போகும். கோடி போகாது.

1921, 1922 ஒரு ரூபாய்கள் குறைவாக அடித்தவை. ஐந்தாம் ஜார்ஜ் குவியலில் கடைசி இரண்டு எண்ணை மட்டும் கண்ணாடி வைத்துப் பார்த்துவிடுங்கள்.

1939 ஒரு ரூபாய்தான் எல்லாரும் தேடும் காசு. மிக அரிது. அரிது என்பதாலேயே போலியும் மிக அதிகம். வேறு வருடக் காசின் கடைசி எண்ணைச் சுரண்டி 9 ஆக்குவார்கள், அல்லது வார்த்தே எடுப்பார்கள். உங்கள் பெட்டியில் 1939 இருந்தால், அது குடும்பத்தில் வழிவழியாக வந்ததுதானா, பத்து வருடத்துக்கு முன் யாராவது சந்தையில் வாங்கியதா என்று முதலில் வீட்டில் விசாரியுங்கள். பிறகு அனுபவமுள்ள ஒருவரின் கண் வேண்டும். விற்கும்போது தரச்சான்று நிறுவனத்தின் உறையில் போட்டு வாங்கியிருந்தால்தான் பெரிய விலை கிடைக்கும்.

வருடத்தைவிட முக்கியம் நிலை. ஒரே வருடக் காசு இரண்டு: ஒன்றில் ராணியின் புருவமும் கிரீடத்து மணிகளும் மழுங்கியிருக்கும், மற்றதில் தலைமுடி இழை இழையாகத் தெரியும், வெளிச்சத்தில் சாய்த்தால் ஒளி சக்கரம்போலச் சுழலும். முதலாவது வெள்ளி விலை. இரண்டாவது புழக்கத்துக்கே போகாத காசு, வியாபாரிகள் "அன்சி" என்பார்கள். சாதாரண வருடமாக இருந்தாலும் அதற்குத் தனி விலை. அதைத் தேய்க்காமல் வைத்திருந்த அப்பத்தாவுக்கு நன்றி சொல்லுங்கள்.

நாணயச்சாலைக் குறிகளும் சில காசுகளில் விலையை மாற்றும். கல்கத்தாவில் அடித்ததில் பொதுவாகக் குறி இருக்காது, பம்பாய்க்குப் புள்ளியோ 'பி' எழுத்தோ, 1943 முதல் லாகூருக்கு 'எல்'. விற்பவருக்கு இது மனப்பாடம் தேவையில்லை. இருபுறமும் தெளிவாகப் படம் எடுத்தால் போதும்.

1840 என்று போட்டிருக்கிறது. 180 வருடக் காசு இல்லையா?

1840 என்று வருடம் போட்டே 1862 வரை அடித்தார்கள். அதேபோல 1862 என்று போட்டு 1870களின் தொடக்கம் வரை. ஆகவே அந்த வருடங்கள் அரிதில்லை. ஆனால் 1840-இல் எழுத்து வரிசை, தலையின் செதுக்கல் ஆகியவற்றில் உட்பிரிவு பல உண்டு, நல்ல நிலையில் இருந்தால் சேகரிப்பவரிடம் காட்டுங்கள்.

கிழக்கிந்திய கம்பெனி, 1818, பின்னால் இராமர் பட்டாபிஷேகம். தாத்தா காலத்துக் காசு. லட்சம் தருவதாகச் சொல்கிறார்கள்.

கம்பெனி அப்படி ஒரு காசை வெளியிடவே இல்லை. ஒருபுறம் கம்பெனி பெயர், மறுபுறம் இராமர், அனுமன், லட்சுமி, விநாயகர், வருடம் 1616, 1717, 1818 என்று இருந்தால் அது பிற்காலத்தில் கோவில் வாசலிலும் சந்தையிலும் விற்பதற்காகச் செய்தது. உங்கள் தாத்தா வாங்கியிருக்கலாம், அதனால் அது கம்பெனிக் காசு ஆகிவிடாது. பெரும்பாலும் பித்தளை அல்லது செம்பு. கோவில்களுக்கென வெளியிட்ட இராமடங்கம் என்ற பழைய வில்லைகள் உண்மையில் உண்டு, அவற்றில் இந்த ஆங்கில எழுத்து இருக்காது.

அந்தக் காசு அரிசியை இழுக்கும் என்கிறார்கள்.

ரைஸ் புல்லிங், இரிடியம், இடி விழுந்த கலசம் எல்லாம் ஒரே மோசடியின் பல பெயர்கள். தமிழ்நாட்டில் இதற்காகக் கைதானவர்கள் எத்தனையோ பேர். "சோதனைக்குப் பணம் கட்டுங்கள்" என்று எவனாவது சொன்னால் போனை வையுங்கள்.

மாடு, டிராக்டர், வைஷ்ணோ தேவி போட்ட காசுக்கு லட்சக்கணக்கில் தருவதாக வீடியோ வருகிறதே?

முன்பணம், பதிவுக் கட்டணம், ஜிஎஸ்டி என்று உங்களிடம் வாங்குவதற்காக வருகிறது. ரிசர்வ் வங்கியின் பெயரையே போட்டுக் கமிஷன் கேட்டார்கள், அதனால் 2021-இல் ரிசர்வ் வங்கி "நாங்கள் பழைய காசு, நோட்டு விவகாரத்தில் ஈடுபடுவதில்லை, யாரிடமும் கட்டணம் கேட்பதுமில்லை" என்று அறிவித்தது. காசை வாங்குகிறவன்தான் பணம் தர வேண்டும். இதில் சிந்திக்க வேறொன்றும் இல்லை.

என் வெள்ளி ரூபாயே போலியாக இருக்குமா? வீட்டில் எப்படிச் சோதிப்பது?

இருக்கும். அந்தக் காலத்திலேயே கள்ளக்காசு உண்டு, இப்போது தீபாவளிக்கும் அட்சய திருதியைக்கும் விற்கிற நகல்களும் உண்டு. அந்த நகல்களில் சில நல்ல வெள்ளி, சில ஜெர்மன் சில்வர். ஜெர்மன் சில்வரில் பெயரைத் தவிர வெள்ளி கிடையாது, அது செம்பு, நிக்கல், துத்தநாகம்.

முதலில் கண். விளிம்பைச் சுற்றி ஒட்டுப் போட்ட கோடு தெரிந்தாலோ, பரப்பில் ஊசிமுனைக் குழிகள் இருந்தாலோ, எழுத்துகள் சோப்பில் செய்ததுபோல வழவழப்பாக இருந்தாலோ வார்த்த காசு. நாணயச்சாலைக் காசு அச்சால் அடித்தது, எழுத்து செங்குத்தாக எழும்பி நிற்கும்.

பிறகு தண்ணீர்ச் சோதனை. எனக்கு மிகவும் பிடித்தது இதுதான், காசுக்கு ஒரு கீறலும் விழாது. பாக்கெட் தராசின் மேல் சின்ன டம்ளரில் தண்ணீர் வைத்து எண்ணைப் பூஜ்யமாக்குங்கள். காசை மெல்லிய நூலில் கட்டி, அடியையும் ஓரத்தையும் தொடாமல் தண்ணீருக்குள் முழுதாகத் தொங்கவிடுங்கள். தராசு காட்டும் எண், காசு விலக்கிய தண்ணீரின் எடை. காசின் எடையை அந்த எண்ணால் வகுத்தால் அடர்த்தி. 91.7 டச் காசுக்கு 10.3 அருகில் வரும், 1940க்குப் பிறகான 50 சதவீதக் காசுக்கு 9.5 அருகில், ஜெர்மன் சில்வருக்கு 8.6 போல. ஒரு காசு விலக்குவது ஒரு கிராமுக்குச் சற்று மேல்தான் என்பதால் தராசின் சின்னப் பிழையும் பெரிதாகத் தெரியும். ஒரே வகைக் காசு ஐந்தைச் சேர்த்துக் கட்டி நனைத்தால் கணக்கு துல்லியமாகும்: முதல் குவியல் காசு ஐந்து 58 கிராம் என்றால் விலகும் தண்ணீர் சுமார் 5.6 கிராம். 6.7 வந்தால் அது வெள்ளியே இல்லை. நடுவில் ஒரு எண் வந்தால் கட்டில் ஒரு கறுப்பு ஆடு இருக்கிறது, ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

காசுமாலையில் கோத்த காசு. வளையம் பற்றவைத்திருக்கிறது. பிரித்துவிடலாமா?

நீங்களாகப் பிரிக்காதீர்கள். வளையம் வைத்த, துளை போட்ட காசுக்குச் சேகரிப்பு மதிப்பு ஏறத்தாழ இல்லை, வளையத்தை எடுத்தாலும் வடு போகாது. பற்றுப்பொடியில் மாற்று குறைவு என்பதால் கடைக்காரர் எடையில் கொஞ்சம் கழிப்பது நியாயம்தான். ஆனால் மாலை மாலையாகவே நல்ல வேலைப்பாடோடு இருந்தால், உருக்கும் கடையில் கொடுக்கும் முன் பழைய நகை வாங்குபவரிடமும் ஒருமுறை காட்டுங்கள்.

ஐயா பர்மாவிலும் மலாயாவிலும் லேவாதேவி செய்தவர். பெட்டியில் பெரிய பெரிய வெள்ளி டாலர் இருக்கிறது.

காரைக்குடிப் பக்கத்திலிருந்து இந்தக் கேள்வி அடிக்கடி வரும். பர்மாவில் ஓடியது இந்திய ரூபாய்தான், அதற்கு மேலே சொன்ன கணக்கு. டாலர் சிங்கப்பூர், பினாங்கிலிருந்து வந்தது.

சூலம் ஏந்திய பெண் நிற்கும் பிரிட்டிஷ் வணிக டாலர் (1895 முதல் 1935 வரை) 26.95 கிராம், 90 டச், சுத்த வெள்ளி 24 கிராமுக்கு மேல். பின்புறம் சீன எழுத்தும் ஜாவி எழுத்தும் (மலாய் மொழிக்கான அரபு எழுத்து) இருக்கும். நீரிணைக் குடியேற்ற (சிங்கப்பூர், பினாங்கு, மலாக்கா சேர்ந்த பிரிட்டிஷ் பகுதி) டாலரில் வருடம் பார்த்தே ஆக வேண்டும்: 1903, 1904 அதே 26.95 கிராம். 1907 முதல் அளவு சுருங்கி 20.2 கிராம், 90 டச். 1919, 1920 இன்னும் சுருங்கி 16.85 கிராம், அதிலும் பாதிதான் வெள்ளி. மூன்றையும் ஒரே "டாலர்" என்று எண்ணி விற்பது பெரிய நஷ்டம். வணிக டாலருக்குப் போலியும் ஏராளம், தண்ணீர்ச் சோதனை கட்டாயம்.

இலங்கையிலிருந்து வந்த 50 சதம் 5.83 கிராம். 1917 வரை 80 டச், 1919 முதல் 55 டச்.

திருவிதாங்கூர் சக்கரம், புதுக்கோட்டை அம்மன் காசு?

கன்னியாகுமரி மாவட்டம் 1956 வரை திருவிதாங்கூர் பக்கம், அதனால் நாகர்கோவில் வீடுகளில் மிளகு அளவு வெள்ளிச் சக்கரம் கிண்ணம் கிண்ணமாக வரும். ஒன்று அரை கிராம்கூட இல்லை. 28 சக்கரம் ஒரு திருவிதாங்கூர் ரூபாய். உருக்கக் கொடுப்பது முட்டாள்தனம், ஏனென்றால் வெள்ளியாகப் பார்த்தால் ஒன்றும் தேறாது, காசாகப் பார்த்தால் சேகரிப்பவர்கள் எப்போதும் வாங்குவார்கள். அம்மன் காசு செம்பு. இந்தப் பக்கத்துக்கு வேண்டாத உறவு, ஆனாலும் நல்ல காசு.

பாரசீக எழுத்து மட்டும் நிறைந்த தடித்த ஆற்காடு ரூபாய் கிடைத்தால், குறியைத் தேடுங்கள். பிறை இருந்தால் பிரெஞ்சுக்காரர் புதுச்சேரியில் அடித்தது, தாமரை இருந்தால் ஆங்கிலக் கம்பெனி. இரண்டையும் சேகரிப்பவரிடம்தான் கொண்டுபோக வேண்டும்.

சுதந்திரத்துக்குப் பிறகு வெள்ளி உண்டா?

உண்டு. காந்தி நூற்றாண்டுக்கு 1969-இல் வந்த 10 ரூபாய், 15 கிராம், 80 டச், அதாவது 12 கிராம் சுத்த வெள்ளி. அதே வரிசை 1 ரூபாய், 50 காசு நிக்கல், மஞ்சளான 20 காசு அலுமினியம் கலந்த வெண்கலம். 1970-இன் 10 ரூபாயும் 80 டச்தான். 1972 சுதந்திர வெள்ளிவிழா 10 ரூபாய் 22.5 கிராம், ஆனால் 50 டச். பெரிதாக இருக்கிறதே என்று மயங்க வேண்டாம், சுத்த வெள்ளி 11.25 கிராம்தான்.

எங்கே விற்பது?

வெள்ளி விலைக்குப் போகிறவற்றுக்கு ஓர் இடம், தனியே எடுத்து வைத்தவற்றுக்கு வேறு இடம். வெள்ளி விலைக் காசுகளை, பார் வெள்ளி வியாபாரம் நடக்கும் வீதிக்குக் கொண்டுபோங்கள்: சென்னையில் சௌகார்பேட்டை, மதுரையில் தெற்காவணி மூல வீதி, கோவையில் பெரிய கடை வீதி, சேலத்தில் செவ்வாய்ப்பேட்டை. மூன்று கடை ஏறி இறங்குங்கள். கேட்க வேண்டியது ஒரே கேள்வி: "91.7 டச் காசு, இன்றைக்கு கிராம் என்ன எடுப்பு விலை?" "மொத்தமாக என்ன தருவீர்கள்?" என்று கேட்டால் கணக்கு அவர் கையில் போய்விடும்.

தனியே எடுத்து வைத்தவற்றை நாணய வியாபாரியிடமோ, ஊர் ஊராக நடக்கும் நாணயக் கண்காட்சியிலோ காட்டுங்கள். கண்காட்சியில் பத்து மேசை பக்கத்துப் பக்கத்தில் இருக்கும், முதல் மேசைக்காரர் சொன்ன விலை ஐந்தாவது மேசையில் இரண்டு மடங்காவதைப் பார்த்திருக்கிறேன். விலை தெரிய, ஏல நிறுவனங்களின் முடிந்துபோன ஏல முடிவுகளைத் தேடுங்கள். இணையத்தில் "விற்பனைக்கு 5 லட்சம்" என்று போட்டிருப்பது ஆசை, விலை இல்லை. மிக உயர்ந்த காசு என்றால் மட்டும் ஏலத்துக்கு அனுப்புங்கள், கமிஷனும் காத்திருப்பும் உண்டு.

வீட்டுக் காசை விற்பவர் ஜிஎஸ்டி கட்ட வேண்டியதில்லை, அதைச் சொல்லிக் கழித்தால் ஒத்துக்கொள்ளாதீர்கள். ஒரே வியாபாரத்தில் 2 லட்சம் ரூபாய் அல்லது அதற்கு மேல் ரொக்கமாக வாங்குவது சட்டப்படி கூடாது, வங்கிக் கணக்குக்கு வாங்கிக்கொள்ளுங்கள்.

சட்டச் சிக்கல் ஏதாவது?

இரண்டு. நூறு வருடத்துக்கு மேற்பட்ட காசு 1972-ஆம் வருடத் தொல்பொருள் சட்டத்துக்குள் வரும், வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. அமெரிக்காவில் இருக்கும் மகனுக்குப் பங்கு என்று விக்டோரியா ரூபாயைப் பெட்டியில் வைத்து அனுப்பாதீர்கள். இரண்டாவது, அஸ்திவாரம் தோண்டும்போது பானையில் கிடைத்தது என்றால் அது பரம்பரைச் சொத்து இல்லை, புதையல். 1878-ஆம் வருடப் புதையல் சட்டப்படி 10 ரூபாய் மதிப்புக்கு மேல் இருந்தாலே ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். இரவோடு இரவாகக் கடைக்குக் கொண்டுபோனவர்கள் செய்தித்தாளில் வந்திருக்கிறார்கள்.

அண்ணன் தம்பி மூன்று பேர். காசை எப்படிப் பிரிப்பது?

எண்ணிப் பிரிக்காதீர்கள். பதினைந்து காசு உனக்கு, பதினைந்து எனக்கு என்றால் ஒருவருக்கு 1912-உம் ஒருவருக்கு 1944-உம் போய், வெள்ளியில் பாதிக்குப் பாதி வித்தியாசம் வரும். சுத்த வெள்ளி கிராமைக் கணக்குப் போட்டுப் பிரியுங்கள். அரிதாகத் தெரிகிற ஒன்றிரண்டை விற்றுப் பணமாகப் பங்கு போடுவதுதான் சண்டை இல்லாத வழி.

"வைத்துவிட்டுப் போங்கள், விசாரித்து நாளைக்குச் சொல்கிறேன்" என்கிறார் வியாபாரி.

நல்லவராகவே இருக்கலாம். இருந்தாலும் ஒவ்வொரு காசையும் இருபுறம் படம் எடுத்து, எடையை எழுதி, அந்தத் தாளில் அவர் கையெழுத்து வாங்கிக்கொண்டு வையுங்கள். எனக்கு ஒருமுறை கொடுத்த 1911 வேறு 1911-ஆகத் திரும்பி வந்தது: கொடுத்தது 11.61 கிராம், வந்தது 11.32. எடை எழுதி வைத்திருந்ததால்தான் பேச முடிந்தது. அவர் மேசை அறையைத் திறந்து, "அட, மாறிப்போச்சு சார்" என்று என் காசை எடுத்துக் கொடுத்தார்.